மீற்றரில் 53, பொலிஸ் கருவியில் 61

மட்டக்களப்பு - கல்முனை வீதியில் ஆரையம்பதிப் பக்கம் பைக்கில் வரும்போது பொலிஸார் மறித்தார்கள். வேகம் அளக்கும் கருவியில் மணிக்கு 61 கிலோமீற்றர். ஊர்மனைக்குள் மோட்டார் சைக்கிளுக்கு எல்லை 50. என் பைக்கின் வேக மீற்றரோ 53ஐத் தாண்டவே இல்லை. "சேர், மீற்றர்ல 53தான்" என்றேன். "மீற்றர் பிழையெண்டா திருத்துங்க தம்பி" என்று லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டப்பத்திரத்தை நீட்டினார்.

தண்டத்தை 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் இரட்டிப்பு, அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். அந்த 14 நாளும் அந்தத் தாள்தான் தற்காலிக லைசன்ஸ். தபாற்கந்தோரில் கட்டிய பற்றுச்சீட்டைப் பொலிஸில் கொடுத்து லைசன்ஸைத் திரும்ப எடுத்தேன். வழக்காடலாம் என்று நண்பன் சொன்னான். மீற்றர் பிழை என்று காட்டினாலும் ஓடிய வேகம் ஓடியதுதானே, அதனால் போகவில்லை.

ஆனால் மீற்றர் விஷயம் மனதை அரித்தது. பொதுவாக மீற்றர் கூட்டித்தான் காட்டும். ஐ.நா.வின் 39ஆம் இலக்க வாகன விதிப்படி அது உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் தாராளமாக: 50 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 10 சதவீதமும் அதற்கு மேல் 8 கிலோமீற்றரும். 50இல் ஓடினால் 63 வரை காட்டினாலும் விதிக்குள்தான். என்னுடையது எப்படிக் குறைத்துக் காட்டும்?

வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு வயல் வீதியில், நண்பனைப் பின்னால் ஏற்றி, போனில் ஜிபிஎஸ்ஸைப் பார்க்கச் சொன்னேன். ஜிபிஎஸ் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும். அதனால் ஒரே வேகத்தில் நேராகக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். முள் 50இல் நின்றது. பின்னாலிருந்து "57" என்றான். திரும்பி வரும்போதும் அதேதான்.

கராஜில் மெக்கானிக் அண்ணன் முன்சில்லைச் சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். "இது இந்த பைக்குட சில்லே இல்ல மனே." பழைய சொந்தக்காரர் வேறு மொடல் பைக்கின் முன்சில்லை அச்சோடு மாட்டியிருக்கிறார். மீற்றர் வயரைச் சுற்றும் பல்சக்கரம் அந்தச் சில்லோடுதான் இருக்கிறது. பல் எண்ணிக்கையும் சில்லின் சுற்றளவும் மாறினால் மீற்றருக்கு எப்படித் தெரியும்? டயரை மட்டும் பெரிதாகப் போட்டாலும் இதே கோளாறு, கொஞ்சம் குறைவாக.

சரியான சில்லும் பல்சக்கரமும் பழைய சாமான் கடையில் கிடைத்தன. மாட்டிய பிறகு முள் 50இல் நிற்க ஜிபிஎஸ் 47 காட்டுகிறது. இதுதான் நியாயமான பிழை.

இன்னொன்று: ஓடிய கிலோமீற்றரையும் அதே வயர்தான் எண்ணுகிறது. மீற்றர் 1,000 காட்டும்போது பைக் அதைவிடக் கூடவே ஓடியிருக்கும். ஒயில் மாற்றும் கணக்கெல்லாம் இவ்வளவு நாளும் பிந்தியே போயிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குபவர்கள் முன்சில்லையும் ஒருமுறை பாருங்கள்.