ஒண்ணுமே நடக்காத நடை

ஜாம்பியால சவுத் லுவாங்வா நேஷனல் பார்க் பக்கத்துல ம்ஃபுவேன்னு ஒரு ஊரு, அங்க ஒரு சஃபாரி கேம்ப்ல ஸ்டோர்ஸும் கணக்கும் பாக்குறேன். கெஸ்ட் குரூப்ல இடம் இருந்தா காலைல வாக்கிங் சஃபாரிக்கு எங்களையும் சேத்துக்குவாங்க, சம்பளத்த விட இதுக்காகவே இங்க இருக்கலாம். 1950கள்ல நார்மன் கார்ங்கிறவர் இந்த லுவாங்வாலதான் நடந்து போற சஃபாரிய ஆரம்பிச்சு வச்சார்.

வெளிச்சம் வந்ததுமே கிளம்பிடணும், வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பணும். நீலம், கருப்பு சட்டை போடக்கூடாது, செட்சி ஈ தேடி வந்து கடிக்கும். ஒத்தை வரிசைலதான் நடை. முன்னாடி ரைபிளோட பார்க் இலாகா ஸ்கவுட், அவருக்குப் பின்னாடி கைடு, அப்புறம் கெஸ்ட்டுங்க, கடைசில டீ பிளாஸ்க்க தூக்கிட்டு எங்க கேம்ப் பையன். துப்பாக்கிய பாத்ததும் கெஸ்ட்டுக்கு தைரியம் வந்துரும், எனக்கு என்னமோ கைடு கைல இருக்குற சாம்பல் பைய பாத்தாதான் நிம்மதி. சின்ன துணிப்பை, தட்டினா சாம்பல் பறக்கும், காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். நம்ம வாசனை யானைக்கு போகாம இருக்கணும்ல. நீர்யானை ராத்திரி பூரா மேஞ்சுட்டு விடியுற நேரம் ஆத்துக்கு திரும்பும், அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல மட்டும் போய் நின்னுடக்கூடாது.

ஒருநாள் புதருக்குள்ள இருந்து ஆக்ஸ்பெக்கர் குருவிங்க சத்தம் போட்டுட்டு மேல எழும்புச்சு. கைடு கைய தூக்கினார், எல்லாரும் அப்படியே நின்னோம், அந்தக் குருவி எருமை முதுகுல உண்ணி பொறுக்குறது, குருவி கிளம்புதுன்னா கீழ எருமை இருக்கு, அதுலயும் கூட்டத்த விட்டு தனியா திரியுற கிழட்டு காட்டெருமை மாதிரி முன்கோபி வேற எதுவும் கிடையாது. பேச்சே இல்லாம பின்வாங்கி ரொம்ப தூரம் சுத்தி கேம்ப்புக்கு வந்துட்டோம். எருமைய கண்ணால கூட பாக்கல. ஒரு கெஸ்ட்டுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு, இவ்ளோ பணம் கட்டி வந்தது குருவி பாக்கவான்னு.

டிப்ஸ் கணக்கும் நான்தான் எழுதுறேன், அதனால எனக்கு தெரியும். சிங்கம் கிட்ட வந்து எல்லாரும் நடுங்கிட்டு நின்ன நாள்ல கைடுக்கு கவர் தடிமனா வரும். அந்த எருமை நாள்ல வந்தத இங்க எழுதவே கூச்சமா இருக்கு. ரைபிள தோள்ல இருந்து இறக்க வேண்டிய நிலைமையே வராம கூட்டிட்டு வந்துட்டார்னா அன்னிக்கு அவர் வேலை பிரமாதம்னுதான் நான் சொல்லுவேன், ஆனா அத எந்த கெஸ்ட் ஃபோட்டோ எடுத்து ஊருக்கு காட்ட முடியும் சொல்லுங்க?

நடை கைடுகளுக்கு சீசனுக்கு ஒரு தொகை தனியா குடுங்கன்னு கேட்டு வச்சிருக்கேன். பாக்கலாம்னாங்க. மழை பிடிச்சா கேம்ப்ப மூடிருவோம், அதுக்குள்ள இன்னொரு தடவ கேக்கணும்.