பழைய எண் 14, புதிய எண் 37

மிஷன் வீதிக்கு மேற்கே, புதுச்சேரியின் தமிழர் பகுதியில் இருக்கிறது எங்கள் தாத்தா வீடு. கீழே தாழ்வாரம், திண்ணை, முற்றம். மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல். போன மழையில் தாழ்வாரத் தூண் ஒன்று அடியில் அரித்துப்போனது. இடித்துக் கட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. அம்மா சம்மதிக்கவே இல்லை. 2014 மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடமே சரிந்து விழுந்ததைப் பார்த்தவர் அவர். நகராட்சி இயங்கிய அந்தக் கட்டடத்தைப் பழைய வடிவில் திரும்பக் கட்டி முடிக்க 2021 ஆகிவிட்டது.

பழுது பார்க்கும் முன், வீடு பாதுகாக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போனேன். பட்டியல் இங்கே இல்லை, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், அனுமதி கொடுப்பவர்களிடம்தான் இருக்கும் என்றார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. வார்டு கவுன்சிலரிடம் முறையிடலாம் என்றால் இங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்ததே 2006-இல்.

சரி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டேன். முதல் மனுவில் 'இடிப்பு அனுமதி தரும்போது ஏன் பட்டியலைப் பார்ப்பதில்லை' என்று கேட்டிருந்தேன். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று பதில் வந்தது. அதனால் நீங்கள் எழுதும்போது 'ஏன்' வேண்டாம், ஆவணத்தைக் கேளுங்கள். இரண்டாவது மனுவில் எங்கள் தெருவுக்கான பட்டியல் நகல், 5 ஆண்டுகளில் தந்த இடிப்பு அனுமதிகளின் நகல், கோப்பை நேரில் பார்வையிட ஒரு தேதி, இந்த மூன்றை மட்டும் கேட்டேன். 30 நாள் கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். அதிலும் கிடைக்காவிட்டால், புதுச்சேரிக்காரர்கள் போக வேண்டியது டெல்லியில் இருக்கும் மத்திய தகவல் ஆணையத்துக்கு.

கோப்பு நாடா கட்டி, ஓரமெல்லாம் பழுத்து வந்தது. உள்ளே எங்கள் வீட்டின் புகைப்படம்! நிறம் மங்கியிருந்தாலும் திண்ணை ஓரத்தில் ஆயாவின் வெற்றிலை உரல் தெளிவாகத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. படத்துக்குக் கீழே கதவு எண் 14 என்று எழுதியிருந்தது. இப்போது எங்கள் எண் 37.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. பட்டியல் முழுக்கப் பழைய எண்கள், வரிப் பதிவேட்டிலும் அனுமதிக் கோப்பிலும் புதிய எண்கள். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி இருந்த மச்சுவீடும் பட்டியலில் இருக்கிறது, படத்தோடு. அதே வீட்டுக்குப் புதிய எண்ணில் இடிப்பு அனுமதி போயிருக்கிறது. பாரம்பரியக் குழுவின் கருத்து எழுத வேண்டிய கட்டம் காலியாகக் கிடந்தது. இன்று அந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது. "எங்ககிட்ட புது நம்பர்தான் மேடம் இருக்கு" என்றார் எழுத்தர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவைக்க ஒரு மேசை, ஒரு வாரம் போதும். அதைச் செய்யாமல் விட்டதில் ஒரு வீடு போய்விட்டது.

இரண்டு எண்ணும் தெரியும்படி பழைய, புதிய வீட்டு வரி ரசீதுகளை இணைத்து, பட்டியலில் திருத்தம் கேட்டு எழுதினேன். பழைய ரசீதைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. தூணைச் சுண்ணாம்புக் கலவையில் சரிசெய்ய அனுமதியும் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து வந்த நகலில் 14-க்குப் பக்கத்தில் 37 என்று நீல மையில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும். தெருவில் பட்டியலில் இருக்கும் மற்ற 11 வீடுகளுக்கும் அதே மனுவை எழுதி வைத்திருக்கிறேன். பழைய ரசீதைத் தேடி எடுத்துத் தந்தவர்கள் இதுவரை நான்கு பேர்.