நான்கு இரவு, ஒரு நண்டு

டொரன்டோவிலிருந்து மச்சாளும் அவள் கணவரும் வந்தார்கள். கொழும்பில் நான்கு இரவு. "நல்ல இடமாப் பார்த்து புக் பண்ணி வை, உனக்குத்தானே ஊர் தெரியும்" என்றாள். வெள்ளவத்தையில் இருப்பவளுக்கு தோசைக்கடைதான் தெரியும் என்று யார் அவளுக்குச் சொல்வது?

நான் முதலில் எழுதிய பட்டியலில் மூன்று இரவு கடலுணவு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வயிறா, மீன் வாடியா?" என்றார். சரி, நண்டுக்கு ஒரே இரவு என்று குறைத்தேன்: கோட்டை ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் உள்ள மினிஸ்ட்ரி ஒஃப் கிராப். சமையல்காரர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவோடும் மஹேலவோடும் சேர்ந்து 2011 இல் தொடங்கியது. அதுவரை நம் களப்பு நண்டில் நல்லதெல்லாம் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கே எடை பார்த்துத்தான் விலை. அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை இருக்கிறது. பெரிய நண்டு படத்துக்கு அழகு. மூன்று பேர் என்றால் நடுத்தரமாக இரண்டு எடுத்து, ஒன்றை உள்ளி மிளகாயிலும் மற்றதை மிளகிலும் கேளுங்கள். தட்டில் மிஞ்சுவதைத் துடைத்தெடுக்கக் கடைப் பாண் கட்டாயம். வெள்ளைச் சட்டை வேண்டாம். அத்தான் கேட்கவில்லை.

அடுத்தது அல்ஃபிரட் ஹவுஸ் வீதியில் உள்ள கேலரி கஃபே. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பழைய அலுவலகம் அது. முற்றத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு இருப்பதற்கே போகலாம். ஆனால் நான் பதிந்திருந்த நாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை! நாடு முழுக்க மது விற்பனை இல்லை. வைன் கனவோடு வந்த அத்தானின் முகத்தை நினைத்து, அவசரமாகக் கேலரி கஃபேயை வேறோர் இரவுக்குத் தள்ளி, போயா இரவைக் கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலின் பல்மைராவுக்கு மாற்றினேன். அங்கே யாழ்ப்பாணச் சமையல். வைன் இல்லாதது யாருக்கும் தெரியாது. "வீட்டில சமைக்கிறதுக்குப் போய்க் காசா?" என்று கேட்ட அம்மாதான் இரண்டாம் முறையும் கறி போட்டுக்கொண்டார்.

நான்காவது எங்கே என்கிறீர்களா? வந்திறங்கிய இரவுக்கு நான் எதையும் பதியவில்லை. ஏழரைக்கே இருவரும் குறட்டை.

அப்புறம் பில். விலைப்பட்டியலில் வரி சேர்த்திருக்கிறார்களா என்று முதலே பாருங்கள். சேர்க்காவிட்டால் 10,000 ரூபாய்ச் சாப்பாடு, 10 வீத சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 வீத வற் வரியும் ஏறி 12,980 ஆகிவிடும். நண்டு இரவில் அந்தக் கணக்கை அத்தான் டொலரில் போட்டார், நான் ரூபாயில் போட்டேன். அவருக்குத்தான் வியர்க்கவில்லை.