டிக்கெட் இல்லாத மார்கழி

சென்னையின் மார்கழி கர்நாடக இசை சீசனில் நான் கேட்கும் கச்சேரிகளில் பத்துக்கு எட்டு, டிக்கெட் வாங்காமலே உள்ளே போகக்கூடியவை. தொடக்கத்தில் இதற்குக் காரணம் கையில் காசில்லாததுதான். வேலை தேடிச் சென்னைக்கு வந்த முதல் டிசம்பரில், பெயர்பெற்ற பாடகர் ஒருவரின் மாலைக் கச்சேரிக்காக ஒரு சங்கீத சபாவின் வாசலில் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் மிகக் குறைந்த விலை டிக்கெட்டும் தீர்ந்துவிட்டது. திரும்பி நடந்தபோது வாசலில் இருந்த காவலாளி, "நாளைக்கு மத்தியானம் வாங்க சார், அப்போ யாரையும் தடுக்க மாட்டோம்" என்றார். மறுநாள் போனேன். இன்று டிக்கெட் வாங்கும் வசதி வந்துவிட்டது என்றாலும், அன்று தொற்றிக்கொண்ட மத்தியானப் பழக்கம் விடவில்லை.

வெளியூர் நண்பர்கள் பலருக்கு இந்த ஏற்பாடு தெரிவதில்லை; ஆகவே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதில் முளைத்த யோசனையே மறு ஆண்டு மியூசிக் அகாடமியாக உருவெடுத்தது. அகாடமியின் ஆண்டு விழா டிசம்பர் மாதத்தில் நிலைபெற, மற்ற சபாக்களும் அதே மாதத்தில் தம் விழாக்களை வைத்துக்கொள்ள, மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் தியாகராய நகரிலும் ஒரே நாளில் இத்தனை மேடைகள் இயங்கும் இன்றைய நிலை உருவாயிற்று. பெரும்பாலான சபாக்களில் ஒரே மேடையில் நாளொன்றுக்கு மூன்று, நான்கு கச்சேரிகள் நடக்கின்றன. மாலையில் பாடும் மூத்த கலைஞர்களுக்குத்தான் டிக்கெட். நண்பகலிலும் பிற்பகல் இரண்டு மணியளவிலும் பாடுகிற இளையவர்களைக் கேட்க நாம் எதுவும் தர வேண்டியதில்லை. அகாடமியில் காலை எட்டு மணியளவில் தொடங்கும் விளக்க உரைகளுக்கும் அப்படித்தான். மயிலாப்பூர் கீழ மாட வீதியிலுள்ள பாரதிய வித்யா பவனில் மாலைக் கச்சேரிக்குக்கூட டிக்கெட் கிடையாது. அங்கே முன்வரிசை வேண்டுமானால் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மார்கழி நாள் மாட வீதியில் தொடங்குகிறது. கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் முன்னின்று நடத்திய பஜனையின் தொடர்ச்சி இன்றும் விடியற்காலையில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி வருகிறது. ஹார்மோனியப் பெட்டியைத் துண்டால் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நடக்க, ஜால்ராவும் குரல்களும் பின்தொடர, கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் மாவுக் கிண்ணத்தோடு ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிறார்கள். சுருதி சில நேரங்களில் இறங்கும். திருப்பம் வரும்போது முன்னே போகிறவர்கள் ஓர் அடியும் பின்னே வருகிறவர்கள் வேறோர் அடியும் பாடுவார்கள். அதைக் குறையாக எண்ணி நின்று கேட்பவரைவிட, குரல் எப்படியிருந்தாலும் சேர்ந்து பாடிவிடுகிறவருக்கே அந்தக் காலை வாய்க்கிறது என்பது என் அனுபவம். நான் கடைசி வரிசையில் மெல்லிய குரலில் பாடுபவன்.

விளக்க உரைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு ராகம் பழைய சுவடியில் எப்படி இருந்தது, ஒரு கிருதிக்கு, அதாவது ஒரு பாடலுக்கு, எத்தனை பாடாந்தரங்கள் (பாடும் முறை வேறுபாடுகள்) உண்டு என்பது போன்ற பொருள்களில் அறிஞர்கள் பேசியும் பாடியும் காட்டுவார்கள். சில நாள் கண் சொக்கும். சில நாள் அன்று முழுவதும் அதே நினைவாக இருக்கும்.

நண்பகல் கச்சேரிக்கு வருகிறேன். பெரிய அரங்கில் முப்பது, நாற்பது பேர் மட்டும் சிதறி உட்கார்ந்திருக்கும் காட்சி முதலில் பார்ப்பவருக்குச் சோகமாகத் தோன்றும். அவர்களில் பாதிப்பேர் பாடகரின் உறவினர், இன்னும் சிலர் குளிர்சாதன வசதிக்காக வந்தவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் மீதமிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் இந்த நகரத்தின் மிகக் கூர்மையான செவிகளுக்குச் சொந்தக்காரர்கள் என்பதை நான் தாமதமாகவே தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் பாடினாள். தொடக்கப் பாட்டான வர்ணம் முடிந்து இரண்டாவது உருப்படிக்கு முன்னால், சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை ஒன்றைச் சிறிதாக எடுத்தாள். மத்யமாவதி ராகம் என்று நினைத்தேன். இறங்கி வரும்போது ஏதோ ஒரு சுரம் கூடுதலாகத் தட்டுப்பட, ஸ்ரீராகம் என்று மாற்றிக்கொண்டேன். என் பக்கத்து இருக்கையில் ஒரு மாமி, மடியில் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து, வரிசையாக எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். என் உதட்டசைவைக் கவனித்திருக்க வேண்டும். புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்தார். அதில் 'மணிரங்கு' என்று இருந்தது. "எறங்கறச்சே பாருங்கோ. மா, கா, ரீ, ஸான்னு நேரா வந்துடறா. ஸ்ரீராகமா இருந்தா மாவுலேர்ந்து ரீக்கு வந்துட்டு, அப்புறம் காவைத் தொட்டுண்டு வளைஞ்சு வரும். மத்யமாவதின்னா காவே கிடையாது" என்று, பாட்டுக்கு இடையூறு இல்லாத குரலில் சொன்னார். 'கா' என்ற காந்தார சுரம் வருகிறதா, வந்தால் நேராக வருகிறதா, வளைந்து வருகிறதா என்பதில் மூன்று ராகங்கள் தனித்தனியே பிரிந்து நிற்பதை அந்த ஒரு நிமிடத்தில் கேட்டேன். பிறகு அந்தப் பெண் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதியை, ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் தொடங்கினாள். மாமியின் விரல்கள் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் அந்த ஏழைத் தட்டிக்கொண்டே இருந்தன.

மாலைக் கச்சேரியில் இப்படி ஒரு பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. எண்ணூறு ரூபாய் கொடுத்து உட்கார்ந்தால், கொடுத்த காசுக்கு இன்று அந்தப் பாடகர் கல்யாணி ராகத்தில் என்ன செய்யப்போகிறார், போன ஆண்டைவிடக் குரல் நன்றாக இருக்கிறதா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. நண்பகலில் பாடும், முன்பின் கேட்டிராத ஒரு குரலிடம் எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. ஆகையால் அந்தக் குரல் பாடுவதை மட்டும் கேட்கிறேன். பிடிக்காவிட்டால் ஓர் உருப்படி முடிந்ததும் எழுந்து, பத்து நிமிட நடையில் வேறொரு சபாவுக்குப் போய்விடலாம். இப்படி எழுந்து போவதற்கு ஒரு முறை உண்டு: பாட்டின் நடுவில் எழக்கூடாது, முக்கியமாக, மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும் கணத்தில் எழவே கூடாது. மிருதங்கக்காரர் முதல் சொல்லை வாசிப்பதற்குள் பாதி அரங்கு கேன்டீன் பக்கம் நகரும் வழக்கத்தை, இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. ஆயினும் கேன்டீனுக்கும் டிக்கெட் தேவையில்லை என்பதை இங்கே குறிப்பிடாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பாட்டே கேட்காமல் கீரை வடைக்கும் காபிக்கும் மட்டும் வந்து போகிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு இலவசம் என்றால் யாரோ அதைச் சுமக்கிறார்கள் என்பதும் மெல்லத்தான் உறைத்தது. நண்பகலில் பாடுகிற பிள்ளைக்கு வரும் சன்மானம், பக்கவாத்தியக்காரர்களை அழைத்து வரும் வாடகைக் காருக்கே போதாமல் போவதுண்டு. மேடை தருவதற்கு ஈடாகப் பெற்றோரிடம் நன்கொடை கேட்ட ஒரு சபாவைப் பற்றி, மகனை வயலின் வாசிக்க அனுப்பிய நண்பர் ஒருவர் என்னிடம் வருந்திச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு, 'சும்மாதானே' என்ற சொல் என் வாயில் வருவதில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் இல்லை என்பதும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சபா வாசலில் ஆட்டோ நிறுத்தத்தில் நாள் முழுக்க நிற்கும் ஓட்டுநர்களில் ஒருவர்கூட நண்பகல் கச்சேரிக்குள் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தடுப்பவர் யாருமில்லை, ஆனால் வரவேண்டும் என்று தோன்றும்படி அந்த இடம் அமைந்திருக்கவில்லை. 2015-ல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும் மற்றவர்களும் சேர்ந்து பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கியபோது, அதைப் பற்றிச் சாதகமாகவும் பாதகமாகவும் நிறையப் பேசினார்கள். குப்பத்துக்குக் கர்நாடக இசை போனதைவிட, சபாவைத் தாண்டி வேறெங்கும் போகாத என்னைப் போன்றவர்கள் கடற்கரை மணலில் உட்கார்ந்து, கர்நாடக சங்கீதத்தையும் பறையாட்டத்தையும் அடுத்தடுத்துக் கேட்க நேர்ந்ததே எனக்குப் பெரிதாகப்பட்டது. பறை ஒலிக்கத் தொடங்கியதும் அதுவரை ஓரமாக நின்றிருந்த சிறுவர்கள் மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். 2007-ல் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் நின்று, 2023-ல் மீண்டும் வந்த சென்னை சங்கமத்திலும் இதே உணர்வு. பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் கரகமும் ஒயிலாட்டமும் நடக்கையில், பார்ப்பவர்கள் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள், சத்தமாகப் பேசுகிறார்கள், பிடித்தால் விசிலடிக்கிறார்கள். சபாவின் ஒழுங்குக்குப் பழகிய எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது.

மணிரங்கு பாடிய அந்தப் பெண்ணின் கச்சேரிக்கே திரும்புகிறேன், ஏனெனில் அது முடிந்த விதத்தைச் சொல்லவில்லை. முக்கிய உருப்படிக்குப் பிறகு தனி ஆவர்த்தனம் வந்தது. வழக்கம்போல் இருக்கைகள் படபடவென்று மடங்கின. மிருதங்கம் வாசித்த பையனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். எழுந்து போகிறவர்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான், பிறகு பார்க்கவில்லை. மாமி மட்டும் அசையாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மங்களம் முடிந்து திரை விழுந்தபின் மேடையின் பக்கவாட்டுக்குப் போனேன். பையன் மிருதங்கத்தை உறையில் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நன்றாக வாசித்ததாகச் சொன்னேன்.

"தனி ரொம்ப நீளமாப் போயிடுச்சா சார்?" என்று கேட்டான்.

இல்லை, இன்னும் கொஞ்சம் வாசித்திருக்கலாம் என்றேன். தனியை முடிக்கும் கோர்வைக்கு முன்னால், மூன்று மூன்றாக எண்ணும் திச்ர நடையில் ஒரு பகுதி தயார் செய்து வைத்திருந்ததாகவும், அடுத்த கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று சபாக்காரர் ஓரத்திலிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டியதால் அதை விட்டுவிட்டதாகவும் சொன்னான். பிறகு, கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு, அந்தப் பகுதியைத் தொடையில் தட்டி, வாயால் சொல்லிக் காட்டத் தொடங்கினான்.