டெலிவரி நோட்டில் கிலோமீட்டரையும் எழுதி வாங்குங்கள்

வாட்டர் பம்ப்பில் கசிவு என்று 2023 ஜனவரியில் என் காரை மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன். பம்ப்பைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில், இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டின் பிளாஸ்டிக் கவரைக் கழற்றியாக வேண்டும். கழற்றியவர் அந்தக் கவரைத் துணியால் துடைத்து, உள்பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க சார், இந்த பெல்ட்டை முன்னமே ஒருத்தர் மாத்தி, தேதி எழுதி வெச்சிருக்காருங்க." கறுப்பு மார்க்கரில், சற்றே சாய்ந்த எழுத்தில், 98,400 என்றும் அதன் கீழே 11/19 என்றும் எழுதியிருந்தது. அன்று என் காரின் டேஷ்போர்டு காட்டிய தூரம் 58,112 கிலோமீட்டர்.

அந்த டீசல் காரை 2022 ஏப்ரலில், கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில் 4,60,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அப்போது மீட்டரில் இருந்தது 52,340. "டாக்டர் ஓட்டுன வண்டி சார், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போய்ட்டு வந்துச்சு" என்றார்கள், நானும் நம்பினேன். யாரோ மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருக்கிறார்கள். 2019 நவம்பரிலேயே 98,400 ஓடியிருந்த வண்டி, என் கைக்கு வரும்போது எவ்வளவு ஓடியிருக்கும் என்பதை அறிய வழியே இல்லை. பணம் கூடுதலாகப் போனதைவிட இந்த அறியாமைதான் என்னை அதிகம் வருத்தியது. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பது உட்பட, ஒரு காரின் பராமரிப்பு பெரும்பாலும் ஓடிய தூரத்தை வைத்தே முடிவாகிறது. பொய்யான எண்ணை நம்பி அதைத் தள்ளிப்போட்டு, நெடுஞ்சாலையில் பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே பாழாகிவிடும்.

பழைய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் எண் சக்கரங்களைச் சுற்றியது. மீட்டரைக் கழற்றி அந்தச் சக்கரங்களைத் திருப்பி வைப்பார்கள், எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் சற்று ஏறி இறங்கி நிற்பதைக் கண்டு கூர்ந்து பார்ப்பவர்கள் பிடித்துவிடுவார்கள். டிஜிட்டல் மீட்டரில் அந்தத் தடயமும் இல்லை. எண் ஒரு சிறிய நினைவகச் சில்லில் இருக்கிறது. அதை மாற்றி எழுதும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன, வேலையும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சில கார்களில் பிரேக், கியர் போன்றவற்றின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் தூரத்தின் நகல் பதிவாகியிருக்கும் என்பதால், நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவர் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல முடியும்.

இது சட்டப்படி குற்றமா என்று தேடியபோதுதான், நம் நாட்டின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பது எனக்குப் புரிந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓடோமீட்டரை, அதாவது ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை, திருத்துவதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. வாகனத்தில் மாற்றம் செய்வதைத் தடுக்கும் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழில் குறித்த விவரங்கள் மாறுவதைப் பற்றியே பேசுகிறது; ஆர்.சி.யிலோ ஓடிய தூரம் எழுதப்படுவதே இல்லை. டி போர்டு வண்டிகளாவது எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் குறித்த காலத்தில் போய் நிற்கின்றன. ஓன் போர்டு காரோ, பதிவான நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் வரை எந்த ஆய்வாளர் முன்பும் தகுதிச் சோதனைக்கு நிற்க வேண்டியதில்லை. யாரும் குறித்து வைக்காத ஒரு எண் மாற்றப்பட்டது என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

ஆகவே சட்டம் பிடிப்பது மீட்டரைத் திருப்பிய கையை அல்ல, அந்த எண்ணைச் சொல்லி விற்ற வாயை. பொய் சொல்லிப் பொருளையோ பணத்தையோ கைமாறச் செய்வது மோசடி: நான் வாங்கிய காலத்தில் இந்திய தண்டனைச் சட்டம் 420-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), இரண்டிலும் ஏழு ஆண்டுகள் வரை சிறை. ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19 பிரிவுகளின்படி, ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தால் உண்டான விற்பனையை ஏமாந்தவர் ரத்து செய்யக் கோரலாம். கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு வரும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரடியாக வாங்கிய வண்டிக்கு இந்த வழி திறக்காது, ஏனென்றால் அவர் வியாபாரி அல்ல.

வெளிநாடுகளில் எழுதி வைப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் 1972 முதலே மீட்டரைக் குறைப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. பழுதான மீட்டரை மாற்றும்போது பழைய தூரத்தை வைக்க முடியாவிட்டால், பூஜ்ஜியத்தில் வைத்து, முந்தைய தூரத்தை எழுதி இடப்பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. நேர்மையான மெக்கானிக்குக்கும் வழிவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஜெர்மனியில் 2005 முதல் திருத்துவது மட்டுமின்றி அதற்கான மென்பொருளைத் தயாரிப்பதும் குற்றம். இங்கிலாந்தில் திருத்துவது தனிக் குற்றமாக இல்லை, மறைத்து விற்பதே குற்றம். ஆனால் மூன்று ஆண்டு நிறைந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்கு வந்தாக வேண்டும், அப்போது குறிக்கும் தூரத்தைப் பதிவெண்ணைக் கொடுத்து எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரிலும் கார்கள் புகைச் சோதனைக்குப் போகத்தான் செய்கின்றன. அங்கே வண்டி எண்ணோடு கிலோமீட்டரையும் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் ஏற்றச் சொன்னால், ஒரே ஆணையில் இந்தத் தொழிலின் பெரும்பகுதி முடிவுக்கு வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

என் வழக்கு வழக்காகவே ஆகவில்லை. அந்த மார்க்கர் எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "ஓனர் கொடுத்தபடி கொடுத்தோம்" என்றார்கள். வண்டியை ஒப்படைத்தபோது கடை கொடுத்த டெலிவரி நோட்டை வழக்கறிஞர் படித்தார். இன்ஜின் எண், சேஸிஸ் எண், தேதி, நேரம், "இருக்கும் நிலையில் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி, என் கையெழுத்து எல்லாம் இருந்தன. கிலோமீட்டர் எங்கும் இல்லை. 52,000 என்று குறித்து அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரமோ, கைபேசி மாற்றியபோது போய்விட்டது. அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதற்கு என் வாய்மொழியைத் தவிர ஏதும் மிஞ்சவில்லை.

சென்ற ஆண்டு அடுத்த காரைத் தேடியபோது, விலை பேசி முடித்த பிறகு, ஓடிய தூரத்தையும் மீட்டர் மாற்றப்படவில்லை என்பதையும் நோட்டில் எழுதித் தரும்படி ஒவ்வொரு கடையிலும் கேட்டேன். முதல் கடையில் "அதெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்லீங்க" என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்தேன். இரண்டாவது கடைக்காரர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தாமே போன் செய்து, கடைசி சர்வீஸின்போது குறித்த கிலோமீட்டரைக் கேட்டு எதிரிலேயே சரிபார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அச்சடித்த வரிகளுக்குக் கீழே, "மீட்டர் 41,870 கி.மீ., மாற்றப்படவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் அதன் மேலேயே பதித்துக் கொடுத்தார்.