தறிக்குடோன் பக்கத்தில் ஒரு வால்வு ஆம்ப்

3 ஜூன் 2024, திங்கள். சோமனூர்

கிடாருக்காக நானே கட்டிய வால்வு ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, இன்று முதல்முறையாகப் பாடியது. ஐந்து நிமிடம் கழித்து ஊளையிட ஆரம்பித்துவிட்டது.

இரண்டே வால்வுதான். வால்வு என்றால் டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய். கிடாரின் சின்ன சிக்னலை முதலில் பெருக்க ஈஎஃப் 86, கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட ஈஎல் 84. ஈஎஃப் 86 ஒரு பழைய டேப் ரிக்கார்டரில் இருந்தது. ஈஎல் 84 பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்தது, ஒரு ரேடியோவிலிருந்து கழற்றியது. பவர் டிரான்ஸ்பார்மர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இரண்டையும் கோவையில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் சொல்லிச் சுற்றி வாங்கினேன். பத்து அங்குல ஸ்பீக்கர், பிளைவுட் பெட்டி. வால்வுகளைத் தாங்கும் தகட்டுச் சட்டமான சேஸிஸும் அதே பெட்டிக்குள்தான். ஐந்து வாட் கிடைத்தால் போதும் என்று கட்டியது.

வால்யூம் பாதிக்குக் கீழே இருக்கும்வரை அவ்வளவு இனிமை. பாதியைத் தாண்டியதும் 'கூ...' என்று ஒரே சுருதியில் ஒரு சத்தம் கிளம்பி வலுத்துக்கொண்டே போகிறது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிடாரின் பிக்கப்தான் கத்துகிறது என்று நினைத்து கிடார் ஒயரின் ஜாக்கைப் பிடுங்கினேன். ஊளை நிற்கவில்லை. பெட்டி மேல் விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கோயில் மணி மாதிரி கேட்கிறது.

அப்படியென்றால் வால்வு மைக்காக மாறியிருக்கிறது. இதைத்தான் மைக்ரோஃபோனிக் என்கிறார்கள். வால்வுக்குள் எலக்ட்ரானைக் கக்கும் கேத்தோடுக்கும், அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்த அதைச் சுற்றி மயிரிழைக் கம்பியில் சுற்றிய கிரிடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. கண்ணாடி அதிர்ந்தால் கம்பியும் அதிரும். இடைவெளி கூடிக் குறைய, ஓடும் கரண்டும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் பெருகி ஸ்பீக்கருக்குப் போகிறது, ஸ்பீக்கர் பெட்டியை உலுக்குகிறது, பெட்டி மறுபடி வால்வை உலுக்குகிறது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம்.

5 ஜூன், புதன்

தட்டிப் பார்க்கும் வேலை. காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டேன். பென்சில் வேண்டாம், உள்ளே இருக்கும் கிராஃபைட் கரண்டைக் கடத்தும். இந்தச் சின்ன ஆம்புக்குள்ளேயே 280 வோல்ட் டிசி ஓடுகிறது. தட்டும்போது இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கை. இதில் மட்டும் யாரும் அவசரப்படாதீர்கள்.

ஈஎஃப் 86ஐத் தொட்டாலே மணியடிக்கிறது. ஈஎல் 84ஐத் தட்டினால் லேசாக 'டொக்' என்கிறது, அவ்வளவுதான். அது இருக்கவேண்டியதும் அப்படித்தான், ஏனென்றால் அதற்குப் பின்னால் பெருக்குவதற்கு வேறு வால்வு இல்லை. முதல் வால்வில் கிளம்பும் சின்ன அதிர்வுதான் முழுப் பெருக்கத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஈஎஃப் 86க்குப் பதில் ஈசிசி 83 என்ற வால்வைப் போட்டுக் கட்டுகிறவர்களும் முதல் சாக்கெட்டில் இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கையில் இரண்டு மூன்று இருந்தால் இடம் மாற்றிப் பார்த்து, அமைதியானதை முதலில் வைக்கலாம். என்னிடம் ஈஎஃப் 86 ஒன்றுதான்.

ஒன்று எதிர்பார்க்காதது. இரண்டு வால்வுக்கும் நடுவே நான் போட்டிருந்த வட்டச் செராமிக் கெப்பாசிட்டரைத் தட்டினாலும் சத்தம் வந்தது. சில செராமிக் வகைகள் அழுத்தினாலே மின்சாரம் காட்டும். அதை எடுத்துவிட்டு பாலியெஸ்டர் போட்டேன். மணிச்சத்தத்தில் ஒரு பங்கு அதோடு போயிற்று.

7 ஜூன், வெள்ளி

ஸ்பீக்கரை பெட்டியிலிருந்து கழற்றி, நீள ஒயர் போட்டுப் பக்கத்து அறையில் வைத்தேன். வால்யூமை முழுசாகத் திருப்பியும் ஊளை இல்லை. சந்தேகம் தீர்ந்தது. ஆம்பையும் ஸ்பீக்கரையும் இரண்டு பெட்டியாக்கினால் கதை முடிந்துவிடும். ஆனால் எனக்கு ஒரே கையில் தூக்கிப் போகிற பெட்டிதான் வேண்டும், அதற்காகத்தானே இதைக் கட்டினேன்.

கோவையில் கணபதி பக்கம் நியூமேட்டிக் சாமான் விற்கும் கடையில் சிலிக்கான் ஓ-ரிங் கிடைத்தது. சாதா ரப்பர் வால்வுச் சூட்டில் இறுகி வெடித்துவிடும், சிலிக்கான் தாங்கும். ஈஎஃப் 86இன் கண்ணாடியில் இரண்டு வளையம் மாட்டினேன். ஈஎல் 84க்கு மாட்டவில்லை, அது கொதிக்கிற வால்வு. வளையம் மாட்டியதும் மணிச்சத்தம் சட்டென்று அடங்கி 'டப்' என்று மந்தமாயிற்று. ஊளையும் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் முக்கால் வால்யூமில் திரும்ப வந்துவிட்டது, இந்தமுறை வேறு சுருதியில். வளையம் கண்ணாடியின் அதிர்வைத்தான் பிடிக்கிறது. அடியில் சாக்கெட் வழியாக ஏறுவதை அதனால் பிடிக்க முடியாது.

வால்வு மேல் போடும் ஸ்பிரிங் வைத்த தகர மூடியையும் போட்டுப் பார்த்தேன். மூடியே கிலுகிலுக்கிறது. எடுத்துவிட்டேன்.

9 ஜூன், ஞாயிறு

தறிக்கு லீவு. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் தறிக்குடோன், எட்டுத் தறி. இன்று ஆம்பைப் போட்டவுடன் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வாரம் முழுக்கப் பின்னணியில் 'டுப் டுப்' என்று கேட்டுக்கொண்டிருந்த ஒன்று இன்று இல்லை. கிரவுண்டு ஒயர் சரியில்லை என்று நினைத்து அதை எத்தனை தடவை மாற்றியிருப்பேன்! தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா அடிக்கிற அடி ஒவ்வொன்றும் என் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்திருக்கிறது.

10 ஜூன், திங்கள்

பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை மேசைக்காலில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பேரிங் போயிருக்கிறதா என்று தறியில் பார்ப்பதும் இப்படித்தான்.

"சத்தம் காத்துல வரல கண்ணு, தரை வழியா வருது. நீயே வச்சுக் கேளு."

கேட்டேன். காதுக்குள்ளேயே தறி ஓடுகிற மாதிரி இருந்தது.

"தறிக்குக் கீழ ரப்பர் வச்சிருக்கோம்ல பெரியப்பா, அப்புறமும் வருதுங்களே?"

"அது தேஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு. ரப்பர் மெத்துனு இருந்தாத்தான் ரப்பர். உன்ற பொட்டிக்குள்ள அந்தக் கண்ணாடிக்கு என்ன வச்சிருக்க?"

ஒன்றும் வைக்கவில்லை. சாக்கெட்டை நேராக சேஸிஸ் தகட்டில் ஸ்குரூ போட்டு முறுக்கியிருக்கிறேன்.

13 ஜூன், வியாழன்

மூன்று நாளாக இதே வேலை. ஈஎஃப் 86இன் சாக்கெட்டை சேஸிஸிலிருந்து பிரித்து, அதற்கென்று தனியாக ஒரு சின்னத் தகடு. சேஸிஸில் பெரிய ஓட்டை போட்டு, தகட்டை நான்கு மூலையிலும் மெத்தென்ற ரப்பர் குரோமெட்டில், அதாவது ஓட்டையில் பொருத்தும் ரப்பர் வளையத்தில், மிதக்கவிட்டேன். ஸ்குரூவை இறுக்கிவிடக் கூடாது. இறுக்கினால் ரப்பர் நசுங்கி மறுபடி தகடும் தகடும் ஒட்டின மாதிரிதான். தொட்டால் தகடு ஆடவேண்டும்.

முதலில் மெல்லிய அலுமினியத்தில் செய்தேன், சுமாராகத்தான் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு போட்டதும் நல்ல வித்தியாசம். கனம் கூடினால், ரப்பர் மெத்தென்றிருந்தால், தகடு ஊசல் மாதிரி மெதுவாக ஆடும். அதைவிட வேகமாக வரும் அதிர்வுகள் உள்ளே ஏறாது. கிடாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ். தகட்டின் சொந்த ஆட்டம் அதற்கு நன்றாகக் கீழே இருக்கவேண்டும்.

ஒரு முழு மாலை வீணானது ஒயரில். பழக்கத்தில் ஒற்றைக் கம்பி ஒயரை விறைப்பாக இழுத்து சாக்கெட்டுக்குக் கொடுத்திருந்தேன். ரப்பர் தடுத்த அதிர்வு அத்தனையும் ஒயர் வழியாக ஏறிவிட்டது. அப்புறம் இந்த வால்வுக்கான ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களைத் தகட்டின் மேலேயே ஏற்றிவிட்டேன். இப்போது தகட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஆறு ஒயர்தான். ஆறும் மெல்லிய பல இழை ஒயர், தளரச் சுருட்டி விட்டது. ரப்பரில் மிதக்கும் தகட்டுக்குக் கிரவுண்டு தானாகக் கிடைக்காது, அதையும் மறக்காமல் ஒரு மெல்லிய ஒயரில் கொடுக்கவேண்டும்.

16 ஜூன், ஞாயிறு

பெட்டியை முழுசாகப் பூட்டினேன். சேஸிஸுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை. ஈஎஃப் 86 ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருந்தது, அதை எதிர்ப்பக்க ஓரத்துக்குத் தள்ளினேன். முக்கால் வால்யூம் தாண்டியும் ஊளை இல்லை. முழுசாகத் திருப்பிக் கிடாரை மௌனமாக வைத்தால் மட்டும் மெல்ல முனகுகிறது. அந்த இடத்தில் நான் வாசிக்கப் போவதில்லை.

ஈஎஃப் 86ஐ இவ்வளவு பாடுபட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா, ஈசிசி 83 போட்டால் என்ன என்று கோபியிலிருந்து மச்சான் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆம்ப் செய்யும் வாக்ஸ் நிறுவனமே தன் ஏசி 30 கிடார் ஆம்பில் ஈஎஃப் 86 அதிர்வு தாங்காமல் போனதால் ஈசிசி 83க்கு மாறியது. ஆனால் இந்த வால்வு தரும் அடர்த்தியான, கொஞ்சம் கரகரத்த குரல் எனக்கு வேறு எதிலும் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவிகளுக்காக, அதிர்வால் வரும் சத்தம் குறைவாக இருக்கவேண்டும் என்றே செய்யப்பட்ட வால்வு இது. அதை ஸ்பீக்கரோடு ஒரே பெட்டிக்குள் அடைத்தது நாம்தான்.

18 ஜூன், செவ்வாய்

இன்று தறி ஓடும்போதே வாசித்தேன். எட்டுத் தறியும் ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நாடா அடிக்கிறது, காதில் நன்றாகக் கேட்கிறது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். லேசான இரைச்சல், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சாயங்காலம் பெரியப்பா வந்து வாசலில் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அப்புறம் மிச்சம் இருக்கிற குரோமெட்டைக் காட்டச் சொல்லி, ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். மூணாம் நம்பர் தறிக்கு இந்த மாதிரி மெத்தென்ற ரப்பர் பெரிய சைஸில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சனிக்கிழமை இரண்டு பேரும் கணபதிக்குப் போகிறோம்.