திரையில் 480 ஆர்.பி.எம்., கேபினெட்டில் நின்றுபோன ஃபேன்

கம்ப்யூட்டரைப் பூட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. அதன் ஃபேன்களை என் வழிக்குக் கொண்டுவர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரக் கதைதான் இது.

வாங்கியது பெரிய மெஷின் ஒன்றுமில்லை. ரைசன் 5 7600 பிராசசர், அதற்கேற்ற ஏஎம்5 மதர்போர்டு, ஒற்றை 120 எம்.எம். ஃபேன் வைத்த டவர் கூலர், நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டோடு மூன்று ஃபேன் பூட்டியே வந்தன: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. முன்னால் இருப்பவை காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் இருப்பது சூட்டை வெளியே தள்ளும். இதற்கு மேல் ஃபேன் பற்றி யோசிக்க எதுவுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பூட்டியதைப் பற்றி நிறையச் சொல்லப்போவதில்லை. எல்லோரும் பயமுறுத்திய பிராசசர் அரை நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டது. கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மறக்காமல் உரித்தேன், தெர்மல் பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வைத்தேன். உண்மையில் படுத்தியது பிராசசருக்குப் போகும் 8 பின் பவர் கேபிள்தான். போர்டின் மேல் இடது மூலை, கூலரின் ஓரம், பின் ஃபேனின் சட்டம் மூன்றுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. பின் ஃபேனின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அதை எடுத்து வைத்துவிட்டு கேபிளைச் செருகினேன். பிறகு ஃபேனைத் திரும்பப் பூட்டினேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

பட்டனை அழுத்தினேன். எல்லா ஃபேனும் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம் பார்த்தேன். பொறுக்காமல் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் கறுப்பு. ராமைக் கழற்றி மாட்டினேன். மூன்றாவது முறை போட்டுவிட்டு, சலித்துப்போய் கை கழுவ எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் எழுத்து! டிடிஆர்5 ராமை முதல்முறை மாட்டும்போது போர்டு அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நான்தான் ஒவ்வொரு முறையும் நடுவிலேயே கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

வந்த எழுத்தும் நல்ல செய்தி இல்லை. சிபியூ ஃபேன் எர்ரர், எஃப்1 அழுத்து என்றது. கூலர் ஃபேனோ கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது புரிந்தது. மேல் ஓரத்தில் ஒரே மாதிரி இரண்டு ஹெடர் (ஃபேன் பிளக்கைச் செருகும் பின்கள்), ஒன்றில் சிபியூ ஃபேன், மற்றதில் சிபியூ ஆப்ட் என்று கடுகளவு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் செருகியிருந்தது இரண்டாவதில். முதல் ஹெடரிலிருந்து சுற்றும் சிக்னல் வராவிட்டால் ஃபேன் செத்துவிட்டது என்றே போர்டு எடுத்துக்கொள்ளும். மாற்றிச் செருகியதும் எர்ரர் போய்விட்டது.

விண்டோஸ் ஏற்றி முடித்தபோது இரவு பத்து மணி. அறைக்கு வெளியிலிருந்து மகள் எட்டிப்பார்த்தாள்.

"அப்பா, இது எப்பவும் இப்படித்தான் கத்துமா?"

"புதுசும்மா, போகப்போக சரியாயிடும்" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றுமே ஓடாத நேரத்திலும் மிக்ஸியைப் பக்கத்து அறையில் போட்ட மாதிரி இரைச்சல். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் போர்டின் அமைப்புத் திரை) போய், எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லும் ஃபேன் வளைவை எவ்வளவு இறக்கினாலும் கூலர் ஃபேன் மட்டும் கீழ்ப்படிந்தது. கேபினெட் ஃபேன் மூன்றும் 1200 ஆர்.பி.எம்.மிலேயே, அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்றிலேயே, இருந்தன. 50 சதவீதம் என்றேன், 1200. 20 சதவீதம் என்றேன், 1200.

காரணம் ஒயர் எண்ணிக்கையில் இருந்தது. கூலர் ஃபேனுக்கு நாலு ஒயர், கேபினெட் ஃபேன்களுக்கு மூன்று. மூன்று ஒயர் ஃபேனில் ஒன்று கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது ஃபேன் தன் வேகத்தைப் போர்டுக்குத் திருப்பிச் சொல்லும் ஒயர். நாலாவது ஒயர் இருந்தால் அது பி.டபிள்யூ.எம். கட்டளைக்கானது: 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போய்க்கொண்டிருக்கும், போர்டு அந்த நாலாவது ஒயர் வழியாக நொடிக்கு சுமார் 25 ஆயிரம் தடவை ஆன், ஆஃப் என்று துடிக்கும். அந்தத் துடிப்பில் ஆன் எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்து ஃபேன் தன் வேகத்தை வைத்துக்கொள்ளும்.

என் போர்டில் எல்லா ஹெடரும் பி.டபிள்யூ.எம். முறையிலேயே வந்திருந்தன. மூன்று பின் பிளக் நாலு பின் ஹெடரில் அழகாகப் பொருந்தும், அதனால் தப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. போர்டு 20 சதவீதம் என்று நாலாவது பின்னில் சொல்லிக்கொண்டே இருந்தது, அந்தப் பின்னில் ஒயரே இல்லை. ஃபேனுக்குத் தெரிந்ததெல்லாம் முழு 12 வோல்ட். ஓடாமல் என்ன செய்யும்?

பயாஸில் கேபினெட் ஃபேன்களைச் செருகியிருந்த இரண்டு ஹெடரையும் (முன்னால் இருப்பவைக்கு ஒன்று, பின்னால் இருப்பதற்கு ஒன்று) டிசி முறைக்கு மாற்றினேன். டிசி முறையில் போர்டு வோல்டேஜையே கூட்டிக் குறைக்கும், மூன்று ஒயருக்கு அதுதான் பாஷை. மாற்றிய நொடியில் இரைச்சல் அப்படியே இறங்கியது. குறைந்தபட்ச வேகத்தை 35 சதவீதத்தில் வைத்து, வெற்றி என்று தூங்கப் போனேன்.

வெற்றி மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் ஒரு சத்தம். டிக். இரண்டு மூன்று விநாடி அமைதி. டிக். மறுபடி அமைதி. ஒயர் எதுவும் இறக்கையில் உரசுகிறதா என்று பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன், இல்லை. அணைத்துப் போட்டேன், சத்தமே இல்லை. அடுத்த நாள் மறுபடி டிக். விட்டு விட்டு வரும் கோளாறைப் போல மனிதனைப் பைத்தியமாக்குவது வேறெதுவும் கிடையாது. ஹார்ட் டிஸ்க் போகிறதோ என்று ஒரு கணம் பயந்தேன், பிறகுதான் இந்த மெஷினில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை, எஸ்எஸ்டிதான் என்பது நினைவுக்கு வந்தது.

வேக அளவீடுகளைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்து வைத்தேன். முன் ஃபேன் 480, பின் ஃபேன் 500, கூலர் ஃபேன் 700 சொச்சம். எல்லாம் சுற்றுகிறது என்றது திரை. நானும் நம்பிவிட்டேன். ஒரு வாரம் அதனால் வீணாயிற்று.

உண்மை தற்செயலாகத்தான் வெளிவந்தது. ஏதோ விழுந்ததைத் தேட டார்ச்சோடு மேசைக்கு அடியில் குனிந்தேன். வெளிச்சம் கேபினெட்டின் முன் வலையில் பட்டது. மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழ் ஃபேனின் ஏழு இறக்கையையும் எண்ண முடிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் டிக் என்று அரை விரல் அளவு நகர்ந்து பழையபடி நின்றது. திரையிலோ 480.

போர்டு பொய் சொல்லவில்லை. முன் ஃபேன் இரண்டையும் ஒரு ஒய் கேபிளில் சேர்த்து ஒரே ஹெடரில் கொடுத்திருந்தேன். அந்தக் கேபிளில் மின்சாரம் இரண்டு கிளைக்கும் போகும், வேகம் சொல்லும் ஒயர் மட்டும் ஒரு கிளைக்குத்தான் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், 480 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 16 துடிப்பு. இரண்டு ஃபேனும் ஒரே ஒயரில் துடித்தால் கணக்கு குழம்பிவிடும். ஆக, போர்டுக்குக் கேட்டதெல்லாம் மேல் ஃபேனின் குரல். கீழே ஒருவன் நின்றுபோனது அதற்குத் தெரியவே தெரியாது.

ஏன் நின்றது, அதுவும் ஏன் எப்போதாவது மட்டும்? 12 வோல்ட்டில் 35 சதவீதம் என்பது 4.2 வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அந்த வோல்டேஜில் தொடர்ந்து ஓடிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்ப அதைவிடக் கூடுதல் வேண்டும். சைக்கிளில் ஏறி முதல் மிதி மிதிப்பவருக்கு இது புரியும். பட்டனைத் தட்டி ஆன் செய்யும்போது என் போர்டு முதல் சில விநாடி முழு வோல்டேஜ் கொடுக்கிறது. அதனால் இரண்டும் கிளம்பிவிடும். ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போது நேராக 4.2 வோல்ட். மேல் ஃபேன் எப்படியோ கிளம்பியது, கீழ் ஃபேனால் முடியவில்லை. மோட்டாருக்குள் இருக்கும் சில்லு கொஞ்சம் விட்டு விட்டு முயன்று பார்க்கிறது, அந்த முயற்சிதான் டிக். ஒரே மாடல், ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஃபேனுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

சதவீதத்தை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பார்த்தேன். 41-ல் கீழ் ஃபேன் தயங்கியது, 43-ல் கிளம்பியது. கொஞ்சம் தாராளமாக 45-ல் வைத்தேன், அதாவது 5.4 வோல்ட். அதற்குப் பிறகு அந்த டிக் வரவே இல்லை.

இதோடு முடித்திருக்கலாம். இருபது நிமிடம் பிராசசரை முழுப் பளுவில் ஓட்டிப் பார்த்தேன். 86 டிகிரி. அந்தச் சில்லுக்கு 95 வரை அனுமதி உண்டு, ஆபத்தில்லை. ஆனால் இந்தக் கூலருக்கு இது அதிகமாகத் தோன்றியது. பேஸ்ட் சரியாகப் பரவவில்லையோ, கூலரைக் கழற்ற வேண்டுமோ என்று கை பரபரத்தது. கழற்றுவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று செய்தேன். நோட்டுப் புத்தக ஓரத்திலிருந்து ஒரு கீற்றுக் காகிதம் கிழித்து, கேபினெட்டின் பின் வலைக்கு எதிரே தொங்கவிட்டேன். காற்று தள்ளினால் காகிதம் என் பக்கம் பறக்க வேண்டும். அது போய் வலையில் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பூட்டிய பின் ஃபேன்! இறக்கை நன்றாகத் தெரியும் அழகான பக்கத்தை வெளியே பார்க்க வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஃபேனில் காற்று வெளியேறுவது, நாலு கம்பி குறுக்கே ஓடி நடுவில் ஸ்டிக்கர் ஒட்டிய அந்த அசிங்கமான பக்கத்தில்தான். கூலர் பின்னோக்கி ஊதும் சூட்டை எதிர்ப்பக்கமிருந்து ஒருவன் முகத்திலேயே திருப்பி ஊதிக்கொண்டிருந்தான், அதுவும் இரண்டு வாரமாக. நாலு ஸ்க்ரூ கழற்றித் திருப்பிப் போட்டேன். அதே சோதனை, 79 டிகிரி. ஏழு டிகிரி குறைந்த மகிழ்ச்சியை விட, கூலரைக் கழற்றாமல் தப்பித்த நிம்மதிதான் பெரிது.

கடைசியாக ஒரு எரிச்சல் மிச்சமிருந்தது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே கூலர் ஃபேன் புஸ்ஸென்று ஏறி அடுத்த நொடி இறங்கும். இந்தக் காலத்துச் சில்லுகளில் வெப்பம் ஒரு நொடியில் இருபது டிகிரி தாவும், ஃபேன் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். கூலரின் உலோகம் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை, எனவே துரத்துவதில் ஒரு பயனும் இல்லை. பயாஸில் ஏறும் தாமதம் என்று ஒரு அமைப்பு இருந்தது, அதைக் கூட்டினேன். 60 டிகிரி வரை வளைவைத் தட்டையாகப் படுக்க வைத்தேன். புஸ் நின்றது. (கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் சுற்றவே இல்லை என்றும் ஒருநாள் பதறினேன். சூடேறாதவரை அதை நிறுத்தியே வைத்திருப்பதுதான் அதன் வழக்கமாம். ஒரு கேம் போட்டதும் சுற்றியது.)

இரண்டு மாதம் கழித்து பயாஸ் அப்டேட் ஒன்று போட்டேன். மெஷின் திரும்ப ஆன் ஆனதும் அந்தப் பழைய இரைச்சல், முழு 1200. அப்டேட் எல்லா அமைப்பையும் துடைத்துவிட்டது, சேமித்து வைத்திருந்த புரொஃபைலையும் சேர்த்து. மகள் அறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அப்பா, திரும்பக் கத்துது!"

இந்த முறை ஐந்து நிமிடம்தான் ஆனது. பக்கக் கதவின் உட்புறம் செல்லோடேப்பில் ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: முன் இரண்டும் டிசி, 45-க்குக் கீழே போகாதே. பின் டிசி, ஸ்டிக்கர் பக்கம் வெளியே. கூலர் பி.டபிள்யூ.எம்., 60 வரை தட்டை.